திருக்கையின் வால்

பல் தேய்த்தேன். காபி போட்டேன். ஒரு டம்ளர் அளவுக்குப் பால் ஊற்றக் கை பழகிவிட்டது. குளித்து, சட்டை மாட்டி, கதவைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்தேன். பேருந்தில் ஜன்னலோரம் கிடைத்தது.

அருங்காட்சியகத்தில் உயிரினங்களின் உருவங்கள் செதுக்குவது என் வேலை. என் மனைவி பள்ளியில் ஓவிய ஆசிரியை. சாயங்காலம் வந்து அவற்றுக்கு வண்ணம் பூசுவாள். கடைசியாக எடுத்தது ஆனைத்திருக்கை மீனும், ரீங்காரச்சிட்டு என்கிற குட்டிப் பறவையும். ஒன்று வாசல் கதவைவிட அகலம், மற்றது என் கட்டைவிரல் நீளம். இரண்டையும் எதிரெதிரே தொங்கவிடுவது அவள் யோசனை. திருக்கை நீந்திக்கொண்டே இருக்க வேண்டும். நின்றால் மூச்சு முட்டும். சிட்டு நடுக்காற்றில் நிற்கும். நிற்பதற்குத்தான் அது ஓயாமல் சிறகடிக்க வேண்டும். இதைச் சொல்லும்போது கைகளை ஆட்டிக் காட்டுவாள். தூரிகையிலிருந்து பெயின்ட் என் மேல் தெறிக்கும்.

மழைக்காலத்தில் ஒரு காலை, பள்ளிக்குப் போகும் வழியில் லாரி மோதி இறந்துபோனாள்.

இன்று காட்சிக்கூடத்தில் விளக்கு மாட்டிக்கொண்டிருந்தான் அவள் தம்பி, எலக்ட்ரீஷியன்.

"மாமா, மியூசியம் மேடம் பாத்துத் திட்டிட்டுப் போறாங்க. ஆனைத்திருக்கைக்கு வால்ல முள்ளே கிடையாதாம்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா? யானைக்குத் தேள் கொடுக்கு வெச்ச மாதிரில்ல இருக்கு. நாளைக்குத் திறப்பு. இருங்க, நானே அறுத்துடறேன்."

ரம்பத்தோடு ஏணியில் ஏறினான். அவன் காலைப் பிடித்துக்கொண்டேன்.

"விடுங்க மாமா, விழுந்து தொலைப்பேன்."

விடவில்லை. நான் அதிகம் செதுக்கியவை கொட்டுகிற திருக்கைகள். அந்தப் பழக்கத்தில் கை இதற்கும் முள் வைத்துவிட்டது. முதலில் கண்டுபிடித்தது அவள்தான். அந்தக் கடைசிக் காலையில் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே சொன்னாள். நான் திரும்பிப் பார்க்காமல் சரி என்றேன். இதை அறுத்துவிட்டால், அவள் சொல்லி நான் செய்யாத வேலை எதுவும் மிச்சமிருக்காது.

அவன் என்னையே பார்த்தான். பிறகு இறங்கி வந்து ரம்பத்தை என் கையில் கொடுத்தான்.

"அக்கா கடைசியா என்ன சொன்னான்னு அம்மா தினம் கேக்குறாங்க. நீங்க வாயே திறக்க மாட்டேங்குறீங்க."

ஏணியில் ஏறினேன். முள்ளின் அடியில் ரம்பத்தை வைத்தேன். கீழே அவன் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவள் சொன்னதை அப்படியே அவனிடம் சொன்னேன்.

"அந்த முள்ள இன்னைக்கே அறுத்துடு. குத்துற மாதிரி ஒண்ணு போதும், சிட்டோட மூக்கு. அதுவும் பாவம், தேன் குடிக்கத்தான். அறுத்த எடத்துல சாயங்காலம் வந்து நான் பெயின்ட் அடிச்சுக்கறேன்."