பல் டாக்டரிடம் வந்த ரத்தக்காட்டேரி

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கே அவளுக்குத் தலை கொதிக்க ஆரம்பித்துவிட்டது. ஓநாய் மனிதனாக நடிக்க வேண்டிய தோழி, போனில் தன் முகத்தைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். ரோமம் ஒட்டும் பசையை முந்தின நாள் கன்னத்தில் தடவிப் பார்த்ததில் கண் இரண்டும் வீங்கிப் போயிருந்தன. ஓநாய் கழன்றுகொண்டது. மிச்சம் இருந்தவை ஒரு ரத்தக்காட்டேரியும் ஒரு மம்மியும்தான்.

கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டுவது அவள் பிழைப்பு. ஆறு வருடமாக ஊரார் சிரிப்பையெல்லாம் கோத்துக் கொடுத்தவளுக்குத் தன் பேரில் ஒரு படம் எடுக்க ஆசை. சின்ன வயதில் போர்வைக்குள் பதுங்கிப் பார்த்த கறுப்பு வெள்ளைப் பேய்ப்படங்களுக்கு ஒரு கும்பிடு போடுகிற மாதிரி, எட்டு நிமிட நகைச்சுவைப் படம். அந்தக் காலத்துப் பூதங்களுக்கெல்லாம் வயதாகி, பல் ஆட்டம் கண்டு, டாக்டரைப் பார்க்க வரிசையில் உட்கார்ந்திருக்கின்றன. கதை அவ்வளவுதான். அவளுடைய அக்கா பல் டாக்டர். அன்றைக்கு ஒரு மணி வரை கிளினிக்கை விட்டுத் தருவதாகச் சொல்லியிருந்தாள்.

அத்தானுக்கு மம்மி வேஷம். அக்காவே உட்கார்ந்து, சுளுக்குக்குக் கட்டும் துணிச்சுருளை உச்சந்தலையிலிருந்து சுற்றிக்கொண்டு வந்தாள். முப்பது சுருள், ஒன்றேகால் மணி நேரம். முழங்காலுக்கு வந்தபோது அத்தான் மெதுவாகச் சொன்னார்.

"பாத்ரூம் போகணும்."

"சுத்துறதுக்கு முன்னாடியே கேட்டேனே அத்தான்."

"அப்ப வரல."

பாதியை அவிழ்த்து மறுபடியும் சுற்றினார்கள்.

ரத்தக்காட்டேரி வேஷம் மாமாவுக்கு. அம்மாவின் தம்பி. இன்சூரன்ஸ் ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்றவர், இளமையில் நாலைந்து நாடகங்களில் ராஜாவாக நின்றவர். பத்தரைக்கு வந்து சேர்ந்தார். கறுப்பு அங்கி அவருக்கென்றே தைத்தது போல இருந்தது. பிளாஸ்டிக் கோரைப்பற்களும் கச்சிதம். வாயைத் திறந்தபோதுதான் வினை வந்தது.

"டாக்டர், நான் கடிச்சு வருஷக்கணக்காச்சு. இப்பல்லாம் ஸ்ட்ரா போட்டுத்தான் குடிக்கிறேன்."

இதுதான் வசனம். சொல்லிவிட்டு மாமா தலையைக் கவிழ்த்துக்கொண்டார். கண்ணில் நிஜமாகவே நீர்.

"மாமா, ஏன் அழறீங்க? இது காமெடி."

"எரநூறு வருஷமா தனியாக் கிடக்கிறவன்மா. பேச்சுத் துணைக்கு ஆள் இல்ல. இப்பப் பல்லும் போச்சு. அழாம என்ன செய்வான்?"

எட்டு டேக். எட்டிலும் அழுதார். ஸ்டுடியோவிலிருந்து அவள் கூட்டி வந்த கேமராக்காரர் பேட்டரியில் மிச்சம் எவ்வளவு என்று பார்த்தார்.

பதினொன்றரைக்கு யாரோ கதவைத் தட்டினார்கள். கன்னம் வீங்கிய ஒரு ஆள் தாடையைக் கையில் தாங்கிக்கொண்டு நின்றார். அக்கா கையுறையை மாட்டிக்கொண்டாள்.

"அக்கா, ஒரு மணி வரைக்கும் எனக்குன்னு சொன்னே."

"வலியோட நிக்கிறாரு. நாளைக்கு வாங்கன்னு அனுப்பவா?"

நாற்காலியும் போயிற்று, நேரமும் போயிற்று. எல்லோரும் வெளி அறைக்கு வந்து உட்கார்ந்தார்கள். மாமா சும்மா இருக்கவில்லை.

"அந்த இடத்துல நான் சன்னலப் பாத்துக்கிட்டே பேசினா இன்னும் உருக்கமா…"

"சிரிக்க வைக்க வராதுன்னா முதல்லயே சொல்லியிருக்கலாம் மாமா. என் படத்தக் கெடுக்காதீங்க."

மாமா பற்களைக் கழற்றி, கைக்குட்டையில் வைத்து மடித்துக்கொண்டார். கட்டுக்குள்ளிருந்து அத்தான் கனைத்தார். சொன்னது அதிகப்படி என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனாலும் கோபம் இறங்கவில்லை.

பன்னிரண்டே முக்காலுக்கு அந்த ஆள் மரத்துப்போன வாயோடு வெளியே வந்தார். மருந்துச் சீட்டு எழுதும் வரை உட்காரச் சொன்னாள் அக்கா. மாமாவின் பக்கத்தில் உட்கார்ந்தவர், அங்கியை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கோணல் வாயால் கேட்டார்.

"உங்களுக்கும் பல்லா?"

"ரெண்டு," என்றார் மாமா. "வேற எது போனாலும் சமாளிச்சுக்குவேன். இது ரெண்டும் போனா பொழப்பே போச்சு." குரல் தழுதழுத்தது.

அந்த ஆள் உச்சுக்கொட்டி, மாமாவின் முதுகைத் தடவிக்கொடுத்தார். கேமராக்காரர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. மம்மி சிரித்த சிரிப்பில் இடுப்புக்கட்டு நெகிழ்ந்து விழுந்தது. அவளுக்கே அடக்க முடியவில்லை.

"எடுத்தீங்களா?" என்றாள் கேமராக்காரரிடம்.

"இல்லம்மா. பேட்டரி மிச்சம் பிடிக்கலாம்னு அணைச்சு வச்சிருந்தேன்."

எந்தச் சுவரில் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை. அந்த ஆளிடம், இன்னொரு தடவை அதே மாதிரி பேசச் சொல்லிக் கெஞ்சிப் பார்த்தாள். அவர் சீட்டை வாங்கிக்கொண்டு, வீட்டில் தேடுவார்கள் என்று நடையைக் கட்டினார். அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. மாமா மெய்யாக அழுததுதான் வேடிக்கை. எட்டு முறையும் அவர் சரியாகவே செய்திருந்தார். கட் சொல்லிக் கெடுத்தவள் அவள்தான்.

"மாமா, அழுங்க. ஆசை தீர அழுங்க."

"இப்ப மனசு வரலம்மா."

"நான் பேசினது தப்பு. கோவத்துல வாய் விட்டுட்டேன்."

மாமா கைக்குட்டையைப் பிரித்துப் பற்களை மாட்டிக்கொண்டார். அக்கா கூடுதலாகக் கால் மணி நேரம் கொடுத்தாள். மம்மியை இடுப்புக்கு மேலே மட்டும் எடுத்தார்கள்.

படம் மூன்று நிமிடம் நாற்பது நொடிதான் தேறியது. குறும்பட விழாவில் அறுபது பேர் பார்த்தார்கள். மாமா அழுத இடத்தில் அரங்கே சிரித்து உருண்டது. ஓநாய்க்கு எழுதிய காட்சிகளெல்லாம் காகிதத்தோடு போனதை நினைத்து, அவள் உதட்டைக் கடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். பரிசு கிடைக்கவில்லை.

வெளியே வந்ததும் மாமா அவளைத் தனியே கூப்பிட்டார்.

"நான் உருகி உருகி அழறேன், சனங்க சிரிக்கிறாங்க. ரசனையே இல்ல. பரவாயில்ல, அடுத்த படத்துல எனக்கு ஒரு காமெடி வேஷம் குடு. என்னால முடியும்."

அவள் கைப்பைக்குள் வண்டிச் சாவியைத் தேடினாள்.