யப்பான் பெட்டி

வெள்ளிக்கிழமை பன்னிரண்டரைக்குப் பிறகு கல்முனைக் கடைத்தெருவில் ஒருவனை வெட்டிப் போட்டாலும் ஏனென்று கேட்க ஆளிருக்காது. முக்கால்வாசிக் கடைகள் பூட்டு. ஆண்களெல்லாம் ஜும்ஆத் தொழுகையில். சந்திக் காவலரணில் மட்டும் மணல் மூட்டைகளுக்குப் பின்னால் இரண்டு சிப்பாய்கள் கொட்டாவி விட்டுக்கொண்டிருப்பார்கள்.

இதைக் கணக்குப் பண்ணித்தான் அஹ்ஸன் அந்த நேரத்தைத் தெரிந்தெடுத்திருந்தான். வரிப்பத்தான்சேனையில் மாமி வீட்டில் பதினாறு நாள் ஒளிந்திருந்தவன், முகத்தைப் பாதி மறைத்த துவாயோடு பஸ்ஸால் இறங்கி, மூடிக் கிடந்த சாறன் கடையின் பக்கத்துப் படிக்கட்டில் ஏறி, மாடி அறைக் கதவைத் தட்டினான்.

திறந்தவர் குணம். பாண்டிருப்புக்காரர். கொழும்பிலிருந்து பழைய கொம்பியூட்டர் சாமான்களை இறக்கி, திருத்தி விற்கிறவர்.

"தம்பி, ஜும்ஆவுக்குப் போகல்லையா?"

"பளீல் காக்கா போயிரிப்பாரு. அதாலதான் நான் போகல்ல."

குணம் சிரிக்கவில்லை. பளீலைத் தெரியாதவர் அந்தக் கரையில் இல்லை. சாய்ந்தமருதுக் கடற்கரை வீதியில் ரீவி கேம் வீடு வைத்திருப்பவன். முன்னறையில் பிள்ளைகள் விளையாடுவார்கள்; பின்னறையில் பெரியவர்கள் பந்தயம் கட்டுவார்கள். மூன்று வருடமாக அந்தப் பின்னறையில் பளீலுக்காக விளையாடியவன் அஹ்ஸன். அக்கரைப்பற்றிலிருந்து வந்தவனும் தோற்றான், மருதமுனையிலிருந்து வந்தவனும் தோற்றான். போன மாதம் பளீல் எதிராளி பக்கம் காசைக் கட்டிவிட்டு, "இண்டைக்கு நீ தோக்கோணும்" என்று காதில் சொன்னான். அஹ்ஸனின் விரல்களுக்குத் தோற்கத் தெரியவில்லை. வென்றுவிட்டான்.

அன்று மாலையே ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான்: "அவன்ட பத்து விரலையும் முறிச்சிட்டுத்தான் காக்கா சோறு தின்னுவாராம்."

"மோட்டச் சைக்கிள வித்துட்டென், குணண்ணன்" என்றான் அஹ்ஸன். "முப்பத்தெட்டாயிரம் இரிக்கி. கேம் ஓடுற மாதிரி ஒரு கொம்பியூட்டர் கூட்டித் தாங்க. இனி எவன்ட பெட்டியிலயும் நான் கை வெக்கமாட்டென். ரெண்டு மணி பஸ்ஸுல ஏத்திட்டுப் போயிருவென்."

குணம் பென்சிலை எடுத்தார்.

"ப்ரொஸசருக்குச் செலரோன் முன்னூறு காணும். ராம் அறுபத்திநாலா, முப்பத்திரண்டா?"

"முப்பத்திரண்டு. மிச்சக் காசுக்கு த்ரீடி காட் போடுங்க."

"ஹார்ட் டிஸ்க் பழசு. நாலு ஜிபி. ஓடக்குள்ள கத்தும்."

"கத்தட்டும். கேம்ல வெடிச் சத்தம் அதவிடக் கூட."

"மொனிட்டர் பதினாலு இஞ்சி. அரசாங்கக் கந்தோர்ல கிடந்தது. மூலையில பழைய எழுத்துப் பதிஞ்சி கிடக்கு."

"எழுத்துக்குப் பின்னால எதிரி ஒளிஞ்சாச் சரிவராதே!" என்று சொல்லிக்கொண்டே கீபோட்டுக்குப் போனான் அஹ்ஸன். மேசையில் இரண்டு கிடந்தன. ஒன்று இறுக்கம், புதிது. மற்றது எழுத்தெல்லாம் தேய்ந்து தொளதொளத்தது. இடது கைச் சின்ன விரலால் இரண்டிலும் ஷிஃப்ட் பட்டனை அமத்திப் பார்த்தான். "ஓடுறதுக்கு இந்த விரல்தான். கேம் முடியுமட்டும் அமத்திப் பிடிச்சிட்டே இரிக்கோணும். எனக்கு இறுக்கமானதுதான் வேணும்."

கடைசியாகப் பெட்டி. குணத்திடம் இரண்டு இருந்தன. ஒன்று சின்னது, வெள்ளை, புதிது. மற்றது இடுப்பளவு உயரம், பாதி விலை, முதுகில் யப்பான் எழுத்து. பக்கத் தகடு கழன்றிருந்தது. உள்ளே பவர் சப்ளையின் மூடியும் இல்லை.

"காத்தாடிக்கு எண்ணெய் விடத்தான் கழட்டினன்" என்றார் குணம். "பின்னால சிவப்புச் சுவிச்சு தெரியுதா? அது யப்பான் கரண்டுக்கு வெச்சபடி கிடக்கு. அங்க நூறு வோல்ட், நமக்கு இருநூத்து முப்பது. அத மாத்தாம ஒரு மடையன் கரண்ட் குடுத்தானெண்டா, உள்ளுக்கு நிக்கிற ரெண்டு கெப்பாசிட்டரும் குண்டு மாதிரிப் போகும்."

"எனக்கு வேணாம். சின்னப் பெட்டியே போதும்."

அப்போதுதான் படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது.

குணம் கதவை மூடப் போனார். கதவு அவர் முகத்தில் அடித்துத் திறந்தது. உதடு கிழிந்து சாமான் தட்டோடு போய்ச் சாய்ந்தார். முன்னால் வந்தவன் அபுல் ஹஸன், பளீலின் தடியன். அவனுக்குப் பின்னால், வெள்ளைச் சாறனும் அத்தர் வாசமுமாக, கையில் மீன் வெட்டும் கத்தியோடு பளீல்.

தூரத்துப் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் குத்பாப் பிரசங்கம் தொடங்கியிருந்தது.

"நான் ஜும்ஆவுல இரிப்பெனெண்டு கணக்குப் பாத்தியாடா?" பளீல் சிரித்தான். "நீ பஸ்ஸால இறங்கினதுமே எனக்குத் தகவல் வந்திட்டு. தொடந்து மூணு ஜும்ஆ விட்டாத்தான் கல்புல, நெஞ்சுல, அல்லாஹ்ட முத்திர விழும். எனக்கு இது ரெண்டாவதுதான்."

அஹ்ஸன் ஜன்னலுக்குப் பாய்ந்தான். அபுல் ஹஸன் முடியைப் பிடித்து இழுத்து, வயிற்றில் முழங்காலால் ஒன்று கொடுத்தான். இரண்டாவது அடிக்கு அஹ்ஸன் தரையில் கிடந்தான். அவனைத் தூக்கி நிறுத்தி, இடது கையை மேசையில் வைத்து அமத்தினார்கள். பளீல் கத்திப் பிடியைச் சின்ன விரலுக்குக் கீழே கொடுத்து, விரலைப் பின்பக்கமாக மடக்கினான்.

ஈர்க்குக் கட்டை முறித்ததுபோல் ஒரு சத்தம். அஹ்ஸன் அலறிய அலறல் குத்பாவில் கரைந்து போனது.

"ஒண்டு" என்றான் பளீல். மறுபடி கத்திப் பிடியைத் தூக்கினவனின் கண், மேசையில் பரப்பிக் கிடந்த சாமான்களில் விழுந்தது. "இதென்ன?"

அபுல் ஹஸன் குணத்தின் விலாவில் உதைத்தான்.

"கேம் விளையாடுற கொம்பியூட்டர்" என்றார் குணம் மூச்சுத் திணறி.

"இதுக்காகவா என்ன உட்டுட்டுப் போன?" பளீல் யோசித்தான். அவன் யோசித்தால் அதில் ஒரு லாபம் இருக்கும். "கூட்டு. இப்பவே கூட்டு. இது என்ட பின்னறைக்கு வருது. கூட்டி முடியுமட்டும் மிச்ச ஒம்பது விரலும் ஒனக்கு. முடிஞ்சா எனக்கு."

அஹ்ஸன் எழுந்தான். சின்ன விரல் பக்கவாட்டில் திரும்பி நின்றது. பார்த்தால் தலை சுற்றியது. பார்க்காமல் மதர்போட்டை எடுத்தான். ராமை அமத்தினான். விரல்களுக்கு வேலை தெரியும். மூளை வேறெங்கோ ஓடிக்கொண்டிருந்தது. ஒன்பது விரல்களும், தொழுகை முடிந்து தெரு நிறையப் பதினைந்து நிமிடங்களும் மிச்சம்.

"எந்தப் பெட்டியில போடுறது, காக்கா?" என்றான்.

"எது நல்லது?"

"சின்னது மலிவுச் சாமான். எனக்குக் காசில்லாமத்தான் அத எடுத்தென்." அஹ்ஸன் தலையசைத்து மற்றதைக் காட்டினான். "பெரிசு யப்பான்."

பளீல் குணத்தைக் கழுத்தோடு தூக்கினான். "ஓய், உண்மையா? யப்பான் சாமான் நல்லதா?"

குணத்தின் வாயிலிருந்து இரத்தம் நாடியில் வழிந்துகொண்டிருந்தது. அவர் அஹ்ஸனைப் பார்த்தார். பிறகு அந்தப் பெட்டியின் முதுகைப் பார்த்தார்.

"ஓம்" என்றார். "நம்பர் வன்."

"அப்ப அதுலயே போடு."

அஹ்ஸன் போட்டான். மதர்போட்டுக்குப் போகிற கரண்ட் வயரைச் செருகுவதுபோல் காட்டி, செருகாமல் மடித்து விட்டான். ஹார்ட் டிஸ்க் வயரையும் அப்படியே. மூன்று நிமிடம் கூடுதலாகத் திருகாணி முறுக்கினான். அபுல் ஹஸன் பொறுமையிழந்து அவன் பிடரியில் அறைந்தான். திருகாணிச் சாவி உள்ளங்கையைக் கிழித்தது. சிவப்புச் சுவிட்ச் இருந்தபடியே இருந்தது. அஹ்ஸன் அதன் பக்கமே போகவில்லை. பெட்டியின் கரண்ட் வயரை மட்டும் சுவர் பிளக்கில் செருகினான்.

"முடிஞ்சா?"

"முடிஞ்சி. முன்னால இரிக்கிற பட்டன அமத்துங்க காக்கா. காத்தாடி சுத்தினாப் பெட்டிக்கு உசிர் வந்துட்டெண்டு அர்த்தம். உள்ளுக்குப் பாருங்க."

பளீல் வலது கையில் கத்தியை மாற்றிக்கொண்டு, இடது கையால் பட்டனை அமத்தினான். குனிந்து, மூடியில்லாத பவர் சப்ளைக்குள் பார்த்தான்.

காத்தாடி சுற்றியது.

ஒன்றும் நடக்கவில்லை. பளீலின் முகம் மலர்ந்தது. "சுத்துதுடா!" என்று திரும்பாமலே சொன்னான். "அபுல், அவன்ட கையப் பிடி."

அபுல் ஹஸன் ஓரடி எடுத்து வைத்தான்.

வெடித்தது.

மூடிய அறைக்குள் அந்தச் சத்தம் கைக்குண்டுச் சத்தமாகவே இருந்தது. பெட்டியிலிருந்து நீலத் தீ ஒரு முழம் எழுந்தது. பெருவிரல் அளவு அலுமினியக் குப்பி ஒன்று பாய்ந்து பளீலின் கண்ணுக்குக் கீழே சதையைப் பிய்த்துக்கொண்டு போனது. இரண்டாவது கெப்பாசிட்டரும் வெடித்தது. அறை முழுக்க வெள்ளைப் புகை, அழுகிய மீன்போல நாற்றம். வெடிச் சத்தம் எட்டி, ஒலிபெருக்கியில் குத்பா பாதிச் சொல்லில் நின்றது.

அபுல் ஹஸன் பின் ஜன்னலால் குதித்தான். கீழே தகரக் கூரை கிழிந்து, அதற்கும் கீழே அவன் அலறும் சத்தம் வந்தது.

பளீல் முகத்தைப் பொத்திக்கொண்டு, கண் தெரியாமல், கத்தியை வீசிக்கொண்டே கதவுக்கு ஓடினான். குறுக்கே கிடந்த குணத்தின் தோளில் ஒரு வெட்டு விழுந்தது. அஹ்ஸன் மேசைக்குக் கீழே புகுந்தான்.

படிக்கட்டின் அடியில் இரண்டு சிப்பாய்களும் ஏற்கனவே ஓடி வந்து நின்றார்கள். மாடியில் புகை. புகைக்குள்ளிருந்து இரத்த முகத்தோடு, கத்தியோடு ஒருவன். "நில்" என்று சிங்களத்தில் கத்தினார்கள். பளீலுக்குக் காது அடைத்திருந்தது. நிற்கவில்லை.

ஒரே ஒரு துப்பாக்கி வெடி. தொடையில் பட்டது. பன்னிரண்டு படியும் உருண்டு வந்து தெருவில் விழுந்தான். அப்போதும் கத்தியை விடவில்லை. கத்தி பிடித்த கையின்மேல் ஒரு சப்பாத்து ஏறி நின்று, நசித்துத் திரும்பியது.

விரல் முறிந்தது மாடிவரை கேட்டது. ஒன்றல்ல, மூன்றோ நான்கோ. அஹ்ஸனுக்கு அந்தச் சத்தம் தெரியும். தன் கையைத் தன்னை அறியாமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டான்.

மேலே வந்த சிப்பாய் முதலில் குணத்தைத்தான் பிடித்தான். அடையாள அட்டையில் பெயரைப் பார்த்தான்; தமிழ்ப் பெயர். துப்பாக்கியின் பிடியால் வெட்டுப்பட்ட தோளிலேயே இடித்தான். "போம்ப கொஹெத?" குண்டு எங்கே என்ற ஒரே கேள்வி, மறுபடி மறுபடி, ஒவ்வொரு கேள்விக்கும் ஓர் இடி.

அஹ்ஸன் மேசைக்குக் கீழிருந்து இரண்டு கைகளையும் உயர்த்திக்கொண்டு வந்தான். துப்பாக்கி அவன் பக்கம் திரும்பியது. ஒன்பது விரல் நேராகவும் ஒன்று கோணலாகவும் நின்ற அந்தக் கைகளைச் சிப்பாய் ஒரு கணம் வெறித்துப் பார்த்தான். அஹ்ஸனுக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களம் வந்தது: குண்டு இல்லை சேர், கரண்ட் பெட்டி, கொம்பியூட்டர், இவரை உடுங்க, இவரு ஒண்டும் செய்யல்ல.

சிப்பாய் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தான். எரிந்த கடதாசியையும் தகரக் குப்பியையும் பூட்ஸால் தட்டினான். முகத்தைச் சுளித்தான். கீழேயிருந்து மற்றவன் கூப்பிட்டான். போகிற போக்கில் குணத்துக்கு இன்னொரு உதை விட்டுவிட்டு இறங்கிப் போனான்.

பளீலை ட்ரக்கில் தூக்கிப் போட்டார்கள். தகரத்துக்குள் சிக்கிக் கிடந்த அபுல் ஹஸனையும் இழுத்து அவன்மேலேயே போட்டார்கள். தொழுகை முடிந்து தெரு நிறைந்தது.

குணம் தோளில் சாறன் துண்டைக் கட்டிக்கொண்டார். பழைய பெட்டி ஒன்றின் பின்பக்கத்திலிருந்து நீளமான சின்னத் தகடு ஒன்றைக் கழற்றினார். காட் போடும் துவாரத்தை மூடி வைக்கிற தகடு. சின்ன விரல் அளவுக்குச் சரியாக இருந்தது. அஹ்ஸனின் விரலை ஒரே இழுப்பில் நேராக்கினார். அவன் கத்தி முடிவதற்குள் தகட்டை வைத்து வயரால் சுற்றிவிட்டார்.

"ஆஸ்பத்திரிக்குப் போவம், தம்பி. எனக்கும் தையல் போடணும்."

"ஓம். போவம்." அஹ்ஸன் எழுந்திருக்கவில்லை. எரிந்த பெட்டிக்குள்ளிருந்து மதர்போட்டை ஒரு கையால் கழற்றிக்கொண்டிருந்தான். செருகாத வயர் செருகாதபடியே கிடந்தது. த்ரீடி காட்டை ஊதி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். கீறல் இல்லை. சின்ன வெள்ளைப் பெட்டியை இழுத்து அதன் முதுகைத் திருப்பினான். சிவப்புச் சுவிட்ச் இருநூற்று முப்பதில் இருந்தது. இருந்தும் நகத்தால் ஒரு தடவை தட்டிப் பார்த்தான்.

"யப்பான் பெட்டிக்கும் காசு எடுத்துக்கங்க, குணண்ணன்."

"அது நல்லா ஓடின சாமான்டா" என்றார் குணம், வீங்கிய உதட்டால். "காசு வேணாம்."

அஹ்ஸன் இறுக்கமான கீபோட்டில் இடது கையை வைத்தான். தகடு கட்டிய விரல் ஷிஃப்டுக்கு வரவில்லை. மோதிர விரலை நீட்டினான். எட்டியது, ஆனால் அமரவில்லை. அதைத் தள்ளி வைத்துவிட்டு, தொளதொளத்த பழையதை இழுத்தான். மோதிர விரல் பட்டதும் பட்டன் இறங்கியது. அமத்திப் பிடித்தான். நோவு முழங்கைவரை ஏறியது. விடாமல் பத்துவரை எண்ணினான்.

"இதப் போடுங்க" என்றான்.