பொக்கைப்பல் ஆசான்

கஸ்பரா நார்தின் யாரையும் லேசில் நம்பமாட்டாள். கண்ணாடி உலைகளுக்குப் பேர்போன முரானோ தீவில் பழைய கண்ணாடிச் சாமான் எதுவானாலும், அதைச் செய்தது யார் என்று அவள் எழுதிக் கொடுத்தால்தான் விலைபோகும். அவளிடம் வந்த வியாபாரிகளில் பாதிப்பேர் முகம் தொங்கிப்போய்த்தான் திரும்பியிருக்கிறார்கள்.

அந்த ஆகஸ்டு ஞாயிறன்று, வெனிஸிலிருந்து படகேறி வந்த வியாபாரி ஃபோஸ்கோ அவள் மேசைமேல் ஒரு ஜாடியை வைத்தான். பச்சைக் கண்ணாடி, இரண்டு கைப்பிடி. கைப்பிடி ஒட்டிய இடத்தில் இடுக்கி அழுத்திய தடம். ஐந்து பல் பதியவேண்டிய வரிசையில் நடுப்பல்லைக் காணோம்.

"நம்ம பொக்கைப்பல் ஆசான்தாம்மா. இருநூறு வருஷம் இருக்கும். நீங்களே கண்டுபிடிச்ச ஆளு, உங்களுக்கு நான் சொல்லணுமா?"

உண்மைதான். பதினெட்டு வருடத்துக்கு முன் இதே தடத்தோடு ஒரு ஜாடி வந்தது. பேர் தெரியாத பழைய கண்ணாடி ஆசான் ஒருவரின் அடையாளம் இது என்று அவள்தான் எழுதினாள். இன்றைக்கு இருக்கும் மரியாதையெல்லாம் அந்தக் கட்டுரை கொடுத்தது.

ஜாடியைக் கவிழ்த்தாள். அடியில் புழங்கித் தேய்ந்த கீறல் ஒன்றுகூட இல்லை.

"எங்கே கிடைச்சுது?"

"பெரிய வீட்டு அலமாரியில. யாரும் தொட்டதே இல்லையாம்."

"தொடாத சாமானை எதுக்கு வாங்கி வச்சாங்களாம்?"

ஃபோஸ்கோ சிரித்து மழுப்பினான். நாலு மணிப் படகைப் பிடிக்கவேண்டும், கையெழுத்துப் போட்டுவிட்டால் கிளம்பிவிடுவேன் என்றான். அவசரப்படுகிறவனைக் கண்டால் கஸ்பராவுக்கு ஆகாது. காப்பி குடித்துவிட்டு வா என்று அவனை வெளியே அனுப்பிவிட்டு, வெளிச்சத்துக்காக ஜாடியை அடுப்படிக்கு எடுத்துப் போனாள்.

அங்கே அவள் கணவன் உலிசே வெள்ளைச் சோள மாவைக் களியாகக் கிண்டிக்கொண்டிருந்தான். நாற்பது வருடமாகக் கண்ணாடி உலையில் தண்ணீர் டம்ளர் ஊதிச் செய்கிறவன். மதுக்கடையில்கூடக் கோப்பையைக் கவிழ்த்து, வேலை எப்படி என்று அடியைப் பார்க்காமல் குடிக்கமாட்டான். இன்றைக்கு வாணலியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"இதைப் பாரேன்."

"பார்த்தாச்சு."

"எப்போ?"

உலிசே களியைப் பலகையில் கொட்டினான். கஸ்பராவுக்குப் பொறி தட்டியது. வருடாவருடம் ஆகஸ்டு விடுமுறைக்கு உலை அணைந்ததும் ஆசான்கள் தங்கள் இடுக்கிகளை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். உலிசே மட்டும் அந்த மூட்டையைப் பீரோ உச்சியில் வைப்பான், கை பட்டால் துருப்பிடிக்கும் என்பான். இத்தனை வருடம் அவளும் அதை நம்பியிருக்கிறாள்!

முக்காலி போட்டு மூட்டையை இறக்கினாள்.

"அதை விடு கஸ்பரா."

அவள் விடவில்லை. பலகையில் கிடந்த களியில் இடுக்கிகளை ஒவ்வொன்றாக அழுத்தினாள். மூன்றாவது இடுக்கி பதித்தது நாலே பல். நடுவில் பொக்கை.

"அந்த ஃபோஸ்கோவோட எத்தனை வருஷமாக் கூட்டு?"

"கூட்டாவது மண்ணாவது! மொத்தமே ரெண்டு ஜாடி. மிச்சக் கண்ணாடியில செஞ்சேன். புதுசுன்னு சொல்லித்தான் வித்தேன். அது பழசாகி உன்கிட்டயே வரும்னு நான் என்ன கனவா கண்டேன்?"

"வந்தப்போ வாயில கொழுக்கட்டையா வச்சிருந்த?"

"எல்லார் முன்னாலயும் நீ என்ன சொன்ன? இப்படி ஒரு கை இன்னிக்கு முரானோவுல ஒருத்தனுக்கும் கிடையாதுன்னு. என்னைப் பத்தி ஒருநாளாவது அப்படிச் சொல்லியிருக்கியா? சந்தோஷமா இருந்துச்சு. அப்புறம் உன் பேரே அதுமேல நின்னுடுச்சு. எப்படிச் சொல்ல?" அவன் இடுக்கிக்குக் கை நீட்டினான். "பேசாம கையெழுத்துப் போட்டுடு. இதை வாய்க்கால்ல வீசிடறேன்."

அவளுக்கு ஆத்திரமாக வந்தது. அதைவிட அதிகமாக வெட்கமாக இருந்தது. பக்கத்தில் படுத்திருந்தவனை விட்டுவிட்டு, இல்லாத ஒருவனைப் பதினெட்டு வருடம் புகழ்ந்திருக்கிறாள்.

இடுக்கியைத் தன் பையில் போட்டுக்கொண்டு, ஜாடியோடு மேசைக்குத் திரும்பி எழுத உட்கார்ந்தாள். ஃபோஸ்கோ திரும்பி வந்ததும் தாளை நீட்டினாள். 'செய்தவர்: முரானோ உலிசே நார்தின். பதினெட்டு வருடத்துக்கு முன் நான் எழுதியது தவறு. அந்த ஜாடியும் இவர் செய்ததே.'

"அம்மா, உங்க பேரு நாறிடும்!"

"நாறட்டும். இப்படி ஒரு கை முரானோவுல வேற ஒருத்தனுக்கும் கிடையாது. அதையும் போய்ச் சொல்லு." கோபம் இன்னும் அடங்காத குரலில்தான் சொன்னாள்.

உலிசே கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். இத்தனை நேரம் திரும்பியும் பார்க்காத ஜாடியை எடுத்து, மெதுவாகக் கவிழ்த்து அடியைப் பார்த்தான்.