இருமல் நீக்கிய உரை

அண்ணன் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு வேதாந்த சபையில் உலகம் மாயை என்று பேசுவார். திங்கட்கிழமை காலையில் தங்கை உட்கார்ந்து, அந்தப் பேச்சின் ஒலிப்பதிவிலிருந்து அவருடைய இருமலை வெட்டி எடுப்பாள். ஆறு வருடங்களாக இந்த ஏற்பாடு நடக்கிறது. அவர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், அவள் ஒலித் தொகுப்பாளர். விளம்பரம், பாடம், அறிவிப்பு என்று கூலிக்குச் செய்கிற வேலைகளுக்கு நடுவே கூலியில்லாமல் செய்வது இது ஒன்றுதான். கூடப் பிறந்த பாவம், வேறென்ன.

இருமலை எடுக்கச் சொன்னவர் சபையின் செயலாளர். கேட்கிறவர்களின் மனம் சிதறுகிறதாம். பேசுகிறவரின் தொண்டைக்கு என்ன ஆகிறது என்று அவர் ஒரு வார்த்தை கேட்டதில்லை. தங்கையும் இதை அண்ணனிடம் சொல்லவில்லை. நாற்பது பிள்ளைகள் கத்துகிற வகுப்பை ஒலிபெருக்கி இல்லாமல் அடக்கிய குரல் என்று மார்தட்டுகிற மனுஷனிடம், உன் குரலைச் சீவித்தான் வெளியே அனுப்புகிறோம் என்று எப்படிச் சொல்வது? மின்விசிறி இரைச்சலைக் குறைக்கிறேன் என்று மட்டும் சொல்லிவைத்தாள்.

வெட்டினால் மட்டும் போதாது, வெட்டிய இடம் காதில் இடறும். ஒவ்வொரு அறைக்கும் அதற்கென்று ஓர் அமைதி உண்டு. மின்விசிறி, சன்னலுக்கு வெளியே போகிற வண்டி, அசையாமல் உட்கார்ந்திருப்பவர்களின் மூச்சு எல்லாம் சேர்ந்தது அது. அண்ணன் யோசிக்க நிறுத்தும் இடங்களிலிருந்து அந்த அமைதியைத் துளித்துளியாக எடுத்து, இருமல் இருந்த இடத்தில் ஒட்டுவாள். வெட்டிய துண்டுகளையும் தூக்கிப் போடமாட்டாள். தேதி போட்டு, 'கழிவு' என்று பெயர் வைத்த கோப்பில் சேர்த்து வைப்பாள். இந்தத் தொழிலில் எதையும் எறியக் கூடாது என்பது அவள் கட்சி.

அந்தத் திங்கட்கிழமை அவளுக்கு அமைதி போதவில்லை. ஒரு மணி நேரப் பேச்சை எவ்வளவு தேடியும், சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில் இருந்ததெல்லாம் இருமல், இல்லாவிட்டால் இருமலை அடக்குகிற மூச்சு. வேறு வழியில்லாமல் போன வருடத்துப் பேச்சிலிருந்து கொஞ்சம் அமைதியை எடுத்து ஒட்டினாள். ஒட்டிக்கொண்டிருக்கும்போதே கை நின்றுவிட்டது.

கழிவுக் கோப்பைத் திறந்து, எல்லாத் துண்டுகளையும் தேதி வாரியாக ஒன்றாகக் கோத்தாள். ஒரு மணி நேரத்துக்கு மேல் வந்தது. முதல் வருடத்தில் சின்னச் சின்னச் செருமல்கள். கடைசி மாதத்தில் ஒவ்வொன்றும் முடிகிற இடத்தில் மெல்லிய விசில் போல ஒரு சத்தம். அவளுக்குப் பயமாக இருந்தது. பயத்தைவிடக் குற்ற உணர்ச்சி அதிகமாக இருந்தது. ஏனென்றால், டாக்டரைப் பார் என்று அவள் மூன்று முறை சொல்லியாயிற்று. மூன்று முறையும் அவர் ஒரே பதிலைத்தான் சொன்னார்: போன வாரப் பேச்சைக் கேட்டுப் பார், ஒரு செருமல் உண்டா? அண்ணி போன பிறகு தனியாக இருக்கிற மனிதர். சாயங்காலம் தன் பேச்சைத் தானே போட்டுக் கேட்பார். தன் நெஞ்சு எப்படி இருக்கிறது என்பதை அதில் கேட்டுத்தான் தெரிந்துகொண்டிருந்தார்.

மறுநாள் காலை அவள் போனபோது அவர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். மேசை ஓரத்தில் மடிக்கணினியை வைத்து, ஒவ்வொரு வருடத்திலிருந்தும் கொஞ்சம் ஓடவிட்டாள். அவர் காலரைத் தேய்த்தபடியே கேட்டார்.

"யாரு இது, பாவம்?" என்றார்.

"நீதான்."

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். செயலாளர் சொன்னது, அவள் வெட்டியது, ஒட்டியது எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னாள். கத்துவார் என்று நினைத்தாள். அவர் கத்தவில்லை, ஞாயிற்றுக்கிழமைக் குரலுக்குப் போனார். அது இன்னும் மோசம். உடம்பு என்பது வருவது போவது, வந்து போவது எதுவும் நிஜமில்லை, கண்ணாடியில் தெரிகிற பல் கடிக்குமா என்று ஆரம்பித்தார். இந்தப் பல்லை அவள் நூறு முறையாவது தொகுத்திருக்கிறாள்.

"சரிண்ணா. நிஜம்னா என்ன, அதையும் சொல்லு."

"நேத்து இருந்தது, இன்னைக்கு இருக்கு, நாளைக்கும் இருக்கும். மாறாதது."

"அப்ப உன் இருமல்தான் நிஜம். ஆறு வருஷமா மாறாம இருக்கு."

"தப்பு." முப்பது வருடம் கரும்பலகை முன்னால் நின்றவர், தப்பான ஒரு வரியைத் தாண்டிப் போக அவரால் முடியாது. "மாறாததுன்னு எப்படிச் சொல்லுவே? முதல்ல ரெண்டு செகண்டு. நடுவுல பத்து. இப்பக் கடைசியில வந்தது அரை நிமிஷம் இருக்கும். மாறியிருக்கு. கூடிக்கிட்டே..."

அதோடு நிறுத்திக்கொண்டார். நிறுத்திய இடத்தில் இருமல் வந்தது. மடிக்கணினியில் ஓடிய இருமலும் அவருடைய இருமலும் கொஞ்ச நேரம் சேர்ந்தே கேட்டன. அவள் கணினியை மூடினாள். அவர் இருமி முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு, பாதி தேய்த்த சட்டையையே எடுத்துப் போட்டுக்கொண்டார்.

இருவரும் மருத்துவமனைக்குப் பேருந்து ஏறினார்கள். இறங்குவதற்கு முந்தைய நிறுத்தத்தில், அவளைப் பார்க்காமல் சொன்னார்.

"மாயைன்னா இல்லாததுன்னு நான் ஒரு நாளும் சொன்னதில்ல, தெரியுமா? இருக்கறதை வேற ஒண்ணா எடுத்துக்கறது. ஆறு வருஷம் அதைத்தான் பேசினேன். பேசிட்டு வீட்டுக்கு வந்து, நீ தச்சுக் குடுத்ததை என் தொண்டைன்னு நம்பிட்டு உக்காந்திருந்திருக்கேன்."

"நான் சொல்லியிருக்கணும்ண்ணா. தப்பு என்னுது."

"உன் வேலை சுத்தம்" என்றார். பாராட்டா, குத்தலா என்று அவளுக்குத் தெரியவில்லை. இரண்டாகவும் எடுத்துக்கொண்டாள்.

மருத்துவர் சின்ன வயதுப் பெண். எத்தனை நாளாக இருமல் என்று கேட்டார். அண்ணன் ஒரு மாதமாக என்று சொல்ல வாயெடுத்து, தங்கையைப் பார்த்து, ஆறு வருடம் என்றார். தேதி இருக்கிறதா என்றதற்கு தங்கை கழிவுக் கோப்பின் தேதிப் பட்டியலை நீட்டினாள். மருத்துவர் அதை இரண்டு முறை படித்தார். காதில் குழலை மாட்டி, அவர் முதுகில் வைத்தார்.

"நல்லா ஒரு தரம் இருமுங்க."

அவர் இருமினார். நீளமாக வந்தது, கடைசியில் அந்த விசிலோடு. மடியில் இருந்த அவள் விரல் வெட்டுவதற்காகத் தானாக அசைந்தது. அதை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு, இருமல் முடிகிறவரை முழுதாகக் கேட்டாள்.

மருத்துவர் குழலை எடுக்கவில்லை. "இன்னொரு தரம்" என்றார்.