உலோகத்துக்கு ரத்தம் கிடையாது

டாக்டர் ஹாரிங்டன் செமிசியின் தலையிலிருந்து துணியை எடுத்ததும் தேங்காய் எண்ணெய் வாசனை வந்தது. அதற்கு அடியில் இன்னொரு வாசனை. அறுவை அரங்கு நர்ஸான பிசிலாவுக்கு அது என்னவென்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. அப்பா செமிசியின் காதுக்கு மேலே, பழைய தையல் முடியும் இடத்தில், சின்னதாய் ஒரு சிவந்த வாய் திறந்திருந்தது. டாக்டர் ஓரத்தில் மெல்ல அழுத்தினார். சீழ் வந்தது.

“தகடு வைக்க முடியாது,” என்றார். கையுறையைக் கழற்றிக்கொண்டே பிசிலாவைப் பார்த்தார். “நீங்க நர்ஸ். ஒரே வீட்டுல இருக்கீங்க. இது நேத்து வந்த புண் இல்ல.”

டோங்காத் தீவுகளில் அப்பாவின் தலையைப் பிள்ளைகள் தொடுவதில்லை. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டிலிருந்து வந்தவருக்கு அதை எங்கிருந்து தொடங்கிச் சொல்வது?

தேவாலயக் கூரைக்குத் தகரம் அடிக்கும்போது செமிசி வழுக்கி விழுந்தார். மூளை வீங்கியது. வீங்கும் மூளைக்கு மண்டை ஓட்டுக்குள் இடம் கிடையாது. இடம் கிடைக்காவிட்டால் அது தன்னைத்தானே நசுக்கிக்கொள்ளும். அதனால் உள்ளூர் டாக்டர் உள்ளங்கை அகலத்துக்கு எலும்பை அறுத்தெடுத்தார். எலும்பை உறையவைத்துக் காக்கும் பெட்டி இந்தத் தீவில் இல்லை. அதற்கு அவரவர் உடம்பே பெட்டி. வயிற்றுத் தோலுக்கடியில், கொழுப்புக்குள் அதை வைத்துத் தைத்தார்கள். “என் தலை இப்பச் சாப்பாட்டுக்குப் பக்கத்துலயே இருக்கு,” என்று பார்க்க வந்தவர்களிடமெல்லாம் செமிசி சட்டையைத் தூக்கிக் காட்டினார்.

ஆனால் மாதங்கள் போகப்போக உடம்பு அந்த எலும்பைத் தின்றுவிட்டது. தண்ணீரில் கிடந்த சோப்புபோல ஓரமெல்லாம் கரைந்துபோனது. அதற்குப் பதிலாகத்தான் டைட்டானியத் தகடு: கொசுவலைபோல முழுக்கத் துளைகள். துளைகளின் வழியே சதை வளர்ந்து தகட்டைப் பிடித்துக்கொள்ளும். அரிசியைவிடச் சிறிய திருகாணிகள் அதை எலும்போடு இறுக்கும். எல்லாம் சரி, ஆனால் உலோகத்துக்கு ரத்தம் கிடையாது. மருந்து ரத்தத்தில்தான் பயணம் போகும். தகட்டின்மேல் ஒரு கிருமி குடியேறிவிட்டால் அது தனக்கென்று ஒரு போர்வை நெய்துகொள்ளும். அங்கே எந்த மருந்தும் போய்ச் சேராது. புண் காய வேண்டும், பிறகுதான் தகடு. ஹாரிங்டனின் குழு வெள்ளிக்கிழமை விமானம் ஏறுகிறது. அடுத்து வருவது மழைக்காலம் முடிந்து. அதுவரை குளியலறையில் ஒரு வழுக்கல் போதும், அப்பா இல்லை.

வெளியே பெஞ்சில் லாவினியா அத்தை, ஊர் மரியாதைப்படி இடுப்பில் பின்னல் பாய் சுற்றிக் கட்டி, மடியில் சாப்பாட்டுக் கூடையோடு உட்கார்ந்திருந்தாள்.

“என்ன, உள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்களா?”

“எப்பலேருந்து அத்தை அங்க கசியுது?”

“எங்க?”

“எங்கன்னு உங்களுக்குத் தெரியும்.”

பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அப்பாவின் அக்காவிடம் யாரும் இப்படிப் பேசுவதில்லை. கல்யாணத்தில் சீராக வரும் முதல் பாய் அவளுக்கு, சாவில் முதல் சொல் அவளுடையது. தம்பியின் தலையும் அவள் பொறுப்புத்தான்.

“கொஞ்ச நாளா கசியுது. கெட்டது வெளிய வருதுன்னு எண்ணெய் தேய்ச்சேன்.”

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல வாய் இல்லையா?”

“ஏய், யார்கிட்டப் பேசறேன்னு தெரியுதா?”

“தெரியுது. எங்கப்பாவ ஓட்டை மண்டையோட வீட்டுக்குத் திருப்பி அனுப்பவச்சவங்ககிட்ட.”

லாவினியா கூடையைத் தரையில் வைத்தாள். குரல் உயரவில்லை. “நான் மீன் விக்கிறவ. சீழ் எது, நல்ல தண்ணி எதுன்னு படிச்சவ நீ. நான் துணி மாத்தறப்பல்லாம் கதவுக்கு வெளிய போய் நின்னியே, பாக்கக்கூடாதுன்னு நானா சொன்னேன்? தொடத்தான்டி கூடாது. கண்ணுக்குமா பூட்டு போட்டாங்க?”

அது உண்மை. உண்மையாக இருந்ததால் பிசிலாவுக்கு இன்னும் எரிந்தது. எத்தனையோ பேரின் மண்டையைத் திறந்து பார்த்தவள்தான். அப்பாவின் தலையில் இருந்த அந்தப் பள்ளத்தைப் பார்க்கத்தான் பயம். அந்தப் பயத்துக்கு வழக்கம் வசதியாக இருந்தது. அடிலெய்டுக்காரர்மேல், அத்தைமேல், தன்மேல் என்று எல்லார்மேலும் கோபம் வந்தது. கட்டுப்போடும் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

“லாவினியாவக் கூப்பிடு,” என்றார் செமிசி.

“மாட்டேன்.”

“நீ தொடக்கூடாது.”

“யார் யாரோ அறுத்துத் திறந்து பாத்துட்டாங்கப்பா. நான் மட்டும் கூடாதா?”

“அவங்க யாரும் என் பிள்ளை இல்லியே.”

தட்டைத் தூக்கிச் சுவரில் அடிக்கலாம்போல இருந்தது. பிசிலா கையுறையை இழுத்து மாட்டினாள். செமிசி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார். வாசலில் லாவினியா வந்து நின்றாள். தடுக்க வந்தாளா என்று தெரியவில்லை. பிறகு விளக்கின் கழுத்தைப் பிடித்துத் தம்பியின் தலைப் பக்கம் திருப்பினாள்.

“நிழல் விழுது,” என்றாள், எரிச்சலாக.

பிசிலா பல்லைக் கடித்துக்கொண்டு துடைத்தாள். எண்ணெய்ப் பிசுக்கு பஞ்சு பஞ்சாக வந்தது. வெளிச்சத்தில் அந்தப் பள்ளத்தின் தோல் எழுந்து எழுந்து தாழ்ந்தது, அலை இறங்கிய மணலுக்கடியில் ஏதோ உயிரோடு மூச்சுவிடுவதுபோல.