துண்டில் ஒட்டிய பஞ்சு

கடல்மீன் தொட்டிகள் விற்கும் அந்தக் கடையில், பவளக்கல்லின் இடுக்குகளில் வாழும் நெருப்புப் புழுவுக்குச் செல்லப்பெயர் ‘பஞ்சு’. தன்பாட்டில் ஊர்ந்து போகும்போது அது விரல் நீளச் சிவப்புக் கயிறு, அவ்வளவுதான். சீண்டினால் உடம்பின் ஒவ்வொரு வளையத்திலிருந்தும் வெள்ளை மயிர்க்கொத்துகள் பொசுக்கென்று விரியும். பார்த்தால் தடவிப் பார்க்கத் தோன்றும். ஆனால் ஒவ்வொரு மயிரும் நஞ்சு நிரம்பிய கண்ணாடி ஊசி. தோலுக்குள் போய் அங்கேயே ஒடிந்து தங்கிவிடும்.

மதியம் வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் கடைக்குத் திரும்பிய, அங்கே தொட்டி கழுவும் வேலையாளுக்கு விரலிடுக்கெல்லாம் பற்றி எரிந்தது. காலையில் கையுறை போட்டுக்கொண்டுதான் பவளக்கல்லைத் தூக்கினான். முதலாளி கல்லைப் புரட்டினார். அடியில் புழு ஒன்று நசுங்கிக் கிடந்தது.

“கல்லை எதுல சுத்தித் தூக்கின?”

“என் துண்டுல.”

“துண்டு எங்க?”

சாப்பிட்ட கையை அதில் துடைத்துக் குளியலறைக் கதவில் போட்டுவிட்டு வந்திருந்தான். மகள் சுண்டு குளிக்கிற நேரம் இது. நான்கு வயது.

போனை எடுத்தான். “ஏம்மா, கதவுல கிடக்கிற துண்டைத் தொடாதே. பூரா பஞ்சு ஒட்டியிருக்கு.”

மனைவி சிரித்தாள். வீட்டிலேயே தலையணை தைக்கிறவள். “இந்த வீட்டுல பஞ்சு ஒட்டாத துணி ஒண்ணு காட்டுங்க, பார்ப்போம். காலையில உங்க மீசையிலயே இருந்துச்சு. உதறிட்டாப் போச்சு. இவ சொட்டச் சொட்ட நிக்கிறா, வைங்க.”

“உதறாதே! இது அந்தப் பஞ்சு இல்ல…”

போன் வைக்கப்பட்டிருந்தது. மறுபடி கூப்பிட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

மூன்று தெருவையும் ஒரே மூச்சில் ஓடினான். கையில் குத்தினால் நாலு நாளில் ஆறும். கண்ணில் குத்தினால்? அதற்கு மேல் நினைக்க அவனால் முடியவில்லை.

மனைவி கூடத்தின் நடுவில், இரண்டு கைகளையும் உடம்பில் படாமல் விரித்துக்கொண்டு நின்றாள்.

“என்னங்க இது? உதறினதும் கையெல்லாம் நெருப்பா எரியுது!”

“சுண்டு எங்க?”

“இடுப்பாலயே நெட்டி உள்ரூமுல விட்டுட்டேன்.”

“துடைச்சியா அவளை?”

“உதறிட்டுத்தான் துடைக்கணும்னு…” அவள் குரல் இறங்கியது. “முகத்தை ஒருவாட்டி ஒத்தி எடுத்தேனோ என்னவோ. ஞாபகம் வரமாட்டேங்குது.”

உள்ளே சத்தமே இல்லை. முழங்கையால் கதவைத் தள்ளினான். குழந்தை ஈரத்தோடு நின்றிருந்தாள். ஒரு கண் மூடியிருந்தது.

“அப்பா, தூக்கு.”

அவன் பின்வாங்கினான். பின்னால் வந்த மனைவியும் பின்வாங்கினாள். சுண்டு அதை விளையாட்டு என்று எண்ணிச் சிரித்தபடி ஓடிவந்தாள். சுவர் முதுகில் இடித்ததும் இருவரும் கைகளைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டார்கள். குழந்தையின் சிரிப்பு நின்றது. உதடு பிதுங்கியது. முஷ்டி கண்ணுக்குப் போனது.

“தேய்க்காதே!” இருவரும் ஒன்றாகக் கத்தினார்கள். பிறகு அவன் வாசல் பக்கம் திரும்பி அலறினான். “அக்கா! ஓடி வாங்க!”

எதிர்வீட்டு அக்கா வந்து குழந்தையை வாரி எடுத்தாள். குழாயடியில் கண்ணைக் கழுவினாள். எத்தனை நேரம் கழுவினாளோ!

“இப்பத் திறடி தங்கம். குத்துதா?”

“இல்ல. சோப்பு போயிடுச்சு.”

“வெறும் சோப்புதான்பா. கண்ணு நல்லாத்தான் இருக்கு. என்ன கூத்து இது, ரெண்டு பேரும் கையைத் தூக்கிட்டு நிக்கிறீங்க?”

அவனுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. “துண்டை எங்க வச்சு உதறின?” என்றான் மெல்ல.

மனைவி கூடத்து மூலையைப் பார்த்தாள். நாளைக்கு அடைக்க வேண்டிய தலையணைப் பஞ்சு அங்கே இடுப்பளவு குவிந்திருந்தது. வெள்ளைக்குள் வெள்ளை. கண்ணாடி போட்டுத் தேடினாலும் எது எதுவென்று தெரியாது. மின்விசிறி வேறு சுற்றிக்கொண்டிருந்தது. குவியலின் உச்சியிலிருந்து இழை இழையாகப் பிரிந்து கூடம் முழுக்க மிதந்தது.

அக்காவின் இடுப்பிலிருந்து சுண்டு நெளிந்தாள். “என்னை இறக்கி விடு. நான் பஞ்சுல குதிக்கணும்.”

அக்கா குனிந்தாள்.