சீஃப் பெயரில் பத்துப் பேர்

வார்டுக்குக் கணினி வந்து நாலு மாதமாகியும் இறுதியாண்டு மருத்துவ மாணவர்களுக்குத் தனிக் கணக்கு வரவில்லை. பத்துப் பேரும் வார்டுத் தலைமை டாக்டரான சீஃபின் கணக்கில்தான் நோயாளிக் குறிப்பு எழுதினார்கள். கடவுச்சொல் திரையோரத்திலேயே ஒட்டியிருந்தது. பல் பிடுங்கிக்கொண்டு சீஃப் லீவில் படுத்திருந்த வாரத்தில், ரெக்கார்டின்படி, இருநூற்றுப் பதினோரு பேரின் நாடியைப் பிடித்துப் பார்த்திருந்தார்.

இப்போது ஒரு படிவம் வந்திருந்தது, காகிதத்தில், மூன்று பிரதி: ‘மின்னணு மருத்துவப் பதிவுக்கு நீங்கள் தயாரா?’

“எல்லாரும் தயார்னு டிக் போடுங்க. அப்பதான் லாக்புக்ல கையெழுத்து,” என்றார் சீஃப். செய்த பயிற்சியெல்லாம் பதிந்த அந்தப் புத்தகத்தில் கையெழுத்து இல்லாவிட்டால் பரீட்சைக்கு உட்கார முடியாது.

வக்கீல் என்று வகுப்பே பட்டம் கட்டியிருந்தவள் பேனாவை மூடினாள்.

“எங்க பேர்ல கணக்கு குடுங்க சார், போடுறேன். ஏழாம் பெட் அக்காவுக்கு பென்சிலின் ஒத்துக்காதுன்னு எழுதினது நான். கம்ப்யூட்டர் உங்க பேரைக் காட்டுச்சு. டியூட்டி டாக்டர் உங்களுக்கு போன் போட்டுக் கேட்டாரு. எனக்குத் தெரியாதேன்னுட்டீங்க. ஊசி போட்டுட்டாங்க. மூச்சே நின்னு போகப் பாத்துச்சு.”

“அதான் பொழைச்சிட்டாங்கல்ல? போய் வேலையப் பாரு.”

வேலையைப் பார்த்தாள். அன்று அவள் எழுதிய ஒவ்வொரு குறிப்பிலும் கடைசியில் ஒரு வரி கூடியது: ‘எழுதியது மாணவி. சீஃப் இந்த நோயாளியைப் பார்க்கவில்லை.’

“ஏய், நாங்களும் போடவா?” என்றான் முதல் பெஞ்ச்காரன்.

“உன் இஷ்டம். மாட்டினா வாதாட வரமாட்டேன்.”

மறுநாள் சீஃப் கணினிக்காரரைக் கூப்பிட்டார். “இதையெல்லாம் அழிங்க.”

“சேமிச்சா அழியாது சார். திருத்தினாலும் பழசு அடியில நிக்கும். டிரெயினிங்லயே சொன்னோமே?”

“நான் எங்க வந்தேன்?”

“வந்ததா பதிவாயிருக்கே சார். தேர்வுல தொண்ணூத்தெட்டு மார்க் வேற.”

சீஃபின் காது சிவந்தது. வக்கீல் பக்கம் திரும்பினார். “உனக்குக் கையெழுத்து வேணுமா, வேணாமா?”

“வேணும் சார். அதுக்காகப் பொய்யில டிக் போட முடியாது.”

மூன்று பிரதியிலும் ‘இல்லை’ என்று அழுத்தி எழுதி, காரணம் என்ற கட்டத்தில் ஏழாம் பெட்டின் கதையைச் சொல்லி, கீழே தன் பெயரைப் போட்டாள். சீஃப் அவளுடைய லாக்புக்கை இழுப்பறைக்குள் எறிந்தார்.

“இதையும் உள்ள வெச்சிருங்க சார்,” என்று பின்னாலிருந்து ஒருத்தி தன்னுடையதை நீட்டினாள். அப்புறம் இன்னொருவன். ஆறாவது புத்தகத்துக்கு மேல் இழுப்பறை மூடவில்லை. முதல் பெஞ்ச்காரன் மட்டும் ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொண்டுதான் கொடுத்தான்.